அந்தக் கேடயத்தை எனக்குக் கொடுத்திருக்கக் கூடாது: மாதிரி ஐ.நா. அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாணவர்கள் ஆளுக்கொரு நாட்டின் பிரதிநிதியாக நின்று ஐ.நா. அவைபோல விவாதிக்கும் மாதிரி ஐ.நா. மாநாடுகளை நடத்தும் அமைப்பாளர்களுக்கும், கமிட்டிதோறும் டயஸில், அதாவது தலைமை மேடையில், உட்கார்ந்து மதிப்பெண் போடுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

என் அலமாரியில் ஒரு கேடயம் இருக்கிறது. உள்ளங்கை அகலம்தான். 'சிறப்புக் குறிப்பு' என்று பொறித்திருக்கும். நான் போன முதல் மாநாட்டில் கிடைத்தது. அதன் கதையைச் சொன்னால்தான் உங்களிடம் கேட்க வந்ததைக் கேட்க முடியும்.

கமிட்டி, ஆயுதக் குறைப்பைப் பேசும் பொதுச் சபையின் முதல் குழு. எனக்கு ஒதுக்கிய நாடு நெதர்லாந்து. தலைப்பு, அணு ஆயுதத் தடை ஒப்பந்தம். நான் செய்த ஆராய்ச்சி இவ்வளவுதான்: சர்வதேச நீதிமன்றம் இருக்கும் ஹேக் நகரம் நெதர்லாந்தில் இருக்கிறது, ஆகவே அது சமாதானத்தை விரும்பும் நாடு, ஆகவே அணு ஆயுதத்தைத் தடை செய்ய முன்னால் நிற்கும். இரண்டு 'ஆகவே'யையும் நானே போட்டுக்கொண்டேன். எழுந்து ஒன்றரை நிமிடம் முழங்கினேன். குரல் நன்றாக எடுபட்டது. பலர் மேசையைத் தட்டினார்கள்.

உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஒரு சீட்டு கைமாறிக் கைமாறி என்னிடம் வந்து சேர்ந்தது. அனுப்பியவர் சிங்கப்பூரின் பிரதிநிதி. பென்சிலில், பொடி எழுத்தில்: "2017 ஜூலை 7. ஆதரவு 122. எதிர்ப்பு 1. எந்தப் பக்கமும் சேராமல் ஒதுங்கியது 1. ஒதுங்கியது நாங்கள். எதிர்த்த அந்த ஒரு நாடு எது?"

மேசைக்கு அடியில் போனை வைத்துத் தேடினேன். அந்த ஒரு நாடு நான்தான்.

நேட்டோ ராணுவக் கூட்டணி நாடுகளில் அந்தப் பேச்சுவார்த்தைக்குப் போனதே நெதர்லாந்து மட்டும். அதுவும் தானாகப் போகவில்லை. மக்கள் மனு கொடுத்து, நாடாளுமன்றம் அரசை நெருக்கியதால் போனது. கடைசியில், நேட்டோவில் தனக்கிருக்கும் கடமைகளோடு இந்த ஒப்பந்தம் ஒத்துவராது, சரிபார்க்கும் ஏற்பாடும் போதாது என்று காரணம் சொல்லி எதிர்த்து வாக்களித்தது. எவ்வளவு அருமையான வேடம்! சொந்த மக்கள் ஒரு பக்கம் இழுக்கிறார்கள், கூட்டணி மறுபக்கம் இழுக்கிறது, நடுவில் ஒரு அரசு நெளிகிறது. அதை நடித்துக் காட்டும் வாய்ப்பு என் கைக்கு வந்தது. நான் அதை ஒரு வெள்ளைப் புறாவாக்கிப் பறக்கவிட்டேன்.

மறுநாள் மாலை பரிசளிப்பு. எனக்குக் கேடயம். சிங்கப்பூருக்கு ஒன்றுமில்லை. இரண்டு நாளில் அவர் பேசியது நான்கே முறை, அதுவும் தணிந்த குரலில். டயஸில் இருந்தவர்களுக்கு நெதர்லாந்து எப்படி வாக்களித்தது என்று தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தால் நான் பேசி முடித்த உடனேயே மாட்டியிருப்பேன்.

பிறகு சில ஆண்டுகளில் நானும் உங்கள் பக்கம் வந்து டயஸில் உட்கார்ந்தேன். இப்போது மாணவர்களைத் தயார்செய்து அனுப்புகிறேன். அதனால் இதை வெளியாள் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மதிப்பெண் தாள் எப்படி நிரம்புகிறது என்று எனக்குத் தெரியும். இடது ஓரத்தில் நாடுகளின் பெயர். மேலே கட்டங்கள்: பேச்சு, மோஷன் (நடைமுறைக் கோரிக்கை), சீட்டு, லாபி (ஆதரவு திரட்டுவது), தலைமைப் பண்பு. ஒருவர் பேசி முடித்ததும் ஒரு கோடு. நான்கு கோடு சேர்ந்ததும் குறுக்கே ஐந்தாவது. மாலையில் கோடுகளை எண்ணினோம். யார் என்ன சொன்னார் என்று எங்களில் ஒருவருக்கும் சரியாக நினைவில்லை. கோடு மட்டும் மிச்சம்.

மாணவர்கள் விவரமானவர்கள். எதற்கு மதிப்பெண்ணோ அதைத் தயார்செய்துகொண்டு வருவார்கள். கோடுகளுக்கு மதிப்பெண் என்றால் கோடு சேர்க்கும் வழியைக் கற்றுக்கொள்வார்கள்: எல்லா மாடரேட்டட் காக்கஸுக்கும் (தலைவர் அழைக்க ஒவ்வொருவராகப் பேசும் சுற்று) பிளகார்டை, அதாவது நாட்டின் பெயர்ப்பலகையை, தூக்குவது, முன்னால் பேசியவர் சொன்னதையே வேறு சொல்லில் சொல்வது, நேரத்தை நிரப்புவது. இதற்குத் தனியாக ஆராய்ச்சி எதற்கு? நாற்பது பக்கம் படித்துவிட்டு வரும் பிள்ளைக்கும், வழியில் நாலு பத்தியை மேய்ந்துவிட்டு வரும் பிள்ளைக்கும் உங்கள் தாளில் வித்தியாசம் தெரிவதில்லை. தெரியாதவரை யாரும் படிக்கப்போவதும் இல்லை.

நான் கேட்க வந்தது அந்தத் தாளை மாற்றச் சொல்லித்தான். எப்படி மாற்றலாம் என்று சொல்வதற்கு, நல்ல தயாரிப்பு எப்படி இருக்கும் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு நாடு ஒதுக்கப்பட்டதும் நான் சொல்வது, "அந்த நாடு என்ன பேசுகிறது என்று அப்புறம் பார்க்கலாம், எதற்குக் கை தூக்கியது என்று முதலில் பார்." ஐ.நா. டிஜிட்டல் நூலகத்தில் தீர்மான எண்ணைப் போட்டால் எந்த நாடு எப்படி வாக்களித்தது என்பது வந்துவிடும். காசு இல்லை, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. ஒரு உதாரணம். 2010 ஜூலை 28-இல் குடிநீரும் துப்புரவு வசதியும் மனித உரிமை என்று பொதுச் சபை அறிவித்தது, தீர்மானம் 64/292. ஆதரவு 122, எதிர்ப்பு பூஜ்யம். (இங்கும் அதே 122. தற்செயல்தான், ஆனால் எனக்கு அந்த எண்ணைப் பார்த்தாலே கொஞ்சம் கூசும்.) எதிர்ப்பு பூஜ்யம் என்றதும் உலகமே ஒப்புக்கொண்டது என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் 41 நாடுகள் ஒதுங்கி நின்றன. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா எல்லாம் அதில் உண்டு. தண்ணீர் பற்றிய கமிட்டியில் கனடா பிரதிநிதி எழுந்து "தண்ணீர் மனித உரிமை என்பதில் எங்கள் நாடு என்றுமே உறுதியாக இருந்திருக்கிறது" என்று சொல்வதை நான் டயஸில் இருந்தே கேட்டிருக்கிறேன். அன்று அதற்கும் ஒரு கோடு போட்டேன்.

வாக்கு மட்டும் போதாது. ஏன் அப்படி வாக்களித்தது என்பது அடுத்த கதவு. 2011 மார்ச் 17-இல் லிபியா பற்றிய தீர்மானம் 1973 பாதுகாப்புச் சபையில் பத்து ஆதரவோடு நிறைவேறியது. எதிர்ப்பு இல்லை, ஐந்து நாடுகள் ஒதுங்கின. சீனா, ரஷ்யா, இந்தியா, பிரேசில், ஜெர்மனி. ஐந்தையும் ஒரே கூடையில் போட்டுவிடுவது சுலபம். அன்றைய கூட்டத்தின் சொல்லுக்குச் சொல் பதிவான எஸ்/பிவி.6498-ஐத் திறந்து வாசித்தால் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வண்டி காரணம் இருக்கிறது. ஜெர்மனி ராணுவ நடவடிக்கையின் ஆபத்தைச் சொல்லித் தன் படையை அனுப்பப் போவதில்லை என்றது. களநிலவரம் பற்றி நம்பகமான தகவல் போதவில்லை என்பது இந்தியாவின் குறை. யார், எப்படி, எந்த வரம்புக்குள் இதைச் செயல்படுத்துவார்கள் என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை என்றது ரஷ்யா. ரஷ்யாவும் சீனாவும் நினைத்திருந்தால் வீட்டோவால் மொத்தத்தையும் நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. ஏன் நிறுத்தவில்லை என்று கேட்கத் தொடங்கும் மாணவர்தான் ராஜதந்திரத்துக்குள் காலை வைக்கிறார். அந்த ஆவணம் சில பக்கம்தான். ஒரு மாலை நேரம் போதும். அதைப் படித்த பிள்ளை கமிட்டியில் பேசும் விதமே வேறு மாதிரி இருக்கும்.

ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டதா, கையெழுத்திட்டு உள்நாட்டில் உறுதிசெய்யாமல் விட்டுவிட்டதா, உறுதிசெய்தாலும் சில பிரிவுகளுக்கு விலக்கு எழுதி வைத்திருக்கிறதா என்பது இன்னொன்று. ஐ.நா. ஒப்பந்தத் தொகுப்பில் எல்லாம் கிடக்கிறது. எந்தக் குழுவோடு நிற்கிறது, எதை ஏற்றுமதி செய்கிறது, யாரிடம் கடன்பட்டிருக்கிறது என்பதெல்லாம் கூடவே வரும். இதை நான் நீட்டி விளக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றை நீட்டியே ஆக வேண்டும். பொசிஷன் பேப்பர், அதாவது நாட்டின் நிலைப்பாட்டை எழுதி மாநாட்டுக்குக் கொடுக்கும் தாள், ஊருக்குக் காட்டும் முகம். உண்மையான தூதர் அவைக்குப் போகும்போது பையில் வேறொரு காகிதமும் இருக்கும்: தலைநகரிலிருந்து வந்த அறிவுறுத்தல். எதை விட்டுக்கொடுக்கவே கூடாது, எதை விட்டுக்கொடுக்கலாம், அதற்கு ஈடாக எதைக் கேட்க வேண்டும், யாரோடு சேர்ந்து நின்றால் சங்கடம். இந்த இரண்டாவது காகிதத்தை எழுதச் சொல்லி ஒரு மாநாடுகூட என் பிள்ளைகளைக் கேட்டதில்லை. நான் எழுதச் சொல்கிறேன். வெளியுறவு அமைச்சகத்தின் செயலாளர் தனக்கு எழுதியதாக நினைத்து அவர்களே எழுதுவார்கள், ஒரே பக்கம். முதல் முறை திணறுவார்கள். 'விட்டுக்கொடுக்கலாம்' என்ற பகுதி காலியாகவே இருக்கும், எல்லாவற்றையும் விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்வதுதான் தேசப்பற்று என்ற எண்ணம். இரண்டாவது, மூன்றாவது முறை எழுதும்போது அந்தப் பகுதி வளரும். அன்மாடரேட்டட் காக்கஸில் (இருக்கையை விட்டு எழுந்து விருப்பப்படி கூடிப் பேசும் நேரம்) மற்றவர்கள் லேப்டாப்பைச் சுற்றி முண்டியடிக்கும்போது இந்தப் பிள்ளை தன் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு, "மூன்றாவது பத்தியில் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள், ஐந்தாவதற்கு நாங்கள் ஆதரவு" என்று பேரம் பேசும். உங்கள் தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

பேக்ரவுண்ட் கைடு, அதாவது தலைப்பை அறிமுகப்படுத்த நீங்கள் அனுப்பும் கையேடு, அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாநாட்டுக்கு மூன்று இரவு இருக்கும்போது முப்பது பக்கக் கைடு வருகிறது. அதில் பாதி, எங்கிருந்தோ அப்படியே எடுத்து ஒட்டியது. எழுத்துரு மாறும் இடத்தைப் பார்த்தாலே தெரியும். மாணவர் எழுத்துத் திருட்டு செய்தால் தகுதிநீக்கம் என்று கடைசிப் பக்கத்தில் எச்சரிக்கை வேறு. தாமதமாக வரும் முப்பது பக்கத்தைவிட முன்கூட்டியே வரும் நாலு பக்கம் மேல். தலைப்பு, கமிட்டியின் அதிகார வரம்பு, படித்தே ஆக வேண்டிய ஐந்து மூல ஆவணங்களின் எண்கள், விவாதம் தொட வேண்டிய நாலைந்து கேள்விகள். மீதியைத் தேடுவது மாணவரின் வேலை, அதைச் செய்யத்தானே வருகிறார்கள்.

அதிகார வரம்பு என்று சொன்னேன். இதை டயஸில் இருப்பவர்களே கவனிப்பதில்லை என்பது எனக்குத் தீராத ஆதங்கம். பொதுச் சபையின் தீர்மானம் உறுப்பு நாடுகளுக்குப் பரிந்துரை. அது ஒரு நாட்டின் மீது பொருளாதாரத் தடையைக் கட்டாயமாக விதிக்க முடியாது. அது பாதுகாப்புச் சபையின் வேலை, ஐ.நா. சாசனத்தின் ஏழாவது அத்தியாயத்தின் கீழ். அந்தச் சபையின் முடிவுகளை ஏற்றுச் செயல்படுத்த 25-ஆவது பிரிவின்படி எல்லா உறுப்பினர்களும் கடமைப்பட்டவர்கள். இது முதல் நாளே சொல்ல வேண்டிய பாடம். ஆனாலும் பொதுச் சபைக் குழு ஒன்று "தடை விதிக்க முடிவுசெய்கிறது" என்று எழுதிய வரைவு, கைதட்டலோடு நிறைவேறுவதை எத்தனை முறை பார்த்துவிட்டேன். எழுதிய பிள்ளையைச் சொல்லிக் குற்றமில்லை. சரிபார்த்து ஒப்புதல் தந்து அச்சுக்கு அனுப்பியது டயஸ்.

தீர்மானம் என்றதும் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது பாதுகாப்புச் சபையின் 1967-ஆம் ஆண்டுத் தீர்மானம் 242. இஸ்ரேல் படைகள் அந்த ஆண்டுப் போரில் ஆக்கிரமித்த பகுதிகளிலிருந்து விலகுவது பற்றிய வரி அதில் இருக்கிறது. ஆங்கில மூலத்தில் 'பகுதிகள்' என்ற சொல்லுக்கு முன்னால் 'த' (the) என்ற சின்னச் சொல் கிடையாது. பிரெஞ்சு வாசகத்தில் அது இருப்பதுபோலவே படிக்க முடிகிறது. எல்லாப் பகுதிகளிலிருந்துமா, சிலவற்றிலிருந்தா? அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் வாதம் ஓயவில்லை. தமிழில் அப்படியொரு சொல்லே இல்லாததால் நமக்கு இது விசித்திரமாகத் தெரியலாம். ஆனால் ஒரு பத்தியை எழுதும்போது ஒவ்வொரு சொல்லையும் தட்டிப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை. மாணவ வரைவுகளில் நான் பார்ப்பதோ, "விழிப்புணர்வை ஏற்படுத்த வேண்டும்." யார் ஏற்படுத்துவது? எந்தப் பணத்தில்? எப்போது போய்ச் சொல்வது, யாரிடம்? இந்தக் கேள்விகளைக் கேட்டால் பத்து பக்க வரைவு இரண்டு பக்கமாகிவிடும். ஆகட்டுமே. பக்க எண்ணிக்கைக்கு மதிப்பெண் போடுவதை நிறுத்தினால் அவர்களே சுருக்கிவிடுவார்கள்.

இனி பேச்சு. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள். மாணவப் பேச்சுகளில் அகப்பை பளபளவென்று இருக்கிறது. கை அசைவு, கண் பார்வை, எந்த இடத்தில் நிறுத்தினால் கைதட்டு விழும் என்பதெல்லாம் பயிற்சி முகாமில் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். போன பருவத்தில் பசிபிக் தீவு நாடான வனுவாட்டுக்காகத் தயாரான ஒரு மாணவி தன் முதல் வரைவை எனக்குப் படித்துக் காட்டினாள். இப்படித் தொடங்கியது: "மதிப்பிற்குரிய தலைவரே, சக பிரதிநிதிகளே! காலநிலை மாற்றம் என்பது மனித குலம் சந்திக்கும் மிகப் பெரிய சவால். நாளைய தலைமுறை நம்மை மன்னிக்குமா? இது பேசும் நேரமல்ல, செயல்படும் நேரம்."

"இதை நார்வே பேசலாமா?" என்று கேட்டேன். யோசித்தாள். பேசலாம் என்றாள். "சவூதி அரேபியா?" அதுவும் பேசலாம். "அப்புறம் இதில் வனுவாட்டு எங்கே?"

இரண்டு நாள் கழித்து வந்தாள். தீவு நாடுகளின் கூட்டணி சார்பில் வனுவாட்டு 1991-இலேயே ஒரு யோசனை வைத்தது என்று கண்டுபிடித்திருந்தாள்: கடல்மட்டம் உயர்வதால் வரும் இழப்புக்கு ஈடுகட்ட ஒரு சர்வதேசக் காப்பீட்டு ஏற்பாடு. இழப்பு, சேதத்துக்கென ஒரு நிதியை ஏற்படுத்த உலக நாடுகள் ஒப்புக்கொண்டது 2022-இல், எகிப்தில் நடந்த காலநிலை மாநாட்டில். இப்போது அவள் பேச்சு இப்படித் தொடங்கியது: "தலைவரே, எங்கள் நாடு இந்த அவையிடம் ஒரு காப்பீடு கேட்டது 1991-இல். சரி என்று பதில் வந்தது 2022-இல். இடையில் 31 ஆண்டுகள். இன்று நாங்கள் கேட்கப்போவது ஒன்றே ஒன்று: அடுத்த பதிலுக்குத் தேதி."

இதை நார்வே பேச முடியாது. வேறு எந்த நாடும் பேச முடியாது. குரலை உயர்த்தவும் தேவையில்லை. மெதுவாகச் சொன்னால் இன்னும் நன்றாக உறைக்கும். மீதி நொடிகளில் அவள் செய்தது, அந்தத் தேதியை எந்தப் பத்தியில் எழுத வேண்டும் என்று சொன்னதுதான். ஒன்றரை நிமிடம் என்பது ஆங்கிலத்தில் ஏறக்குறைய இருநூறு சொல். ஒரு கருத்து, ஒரு சான்று, ஒரு கோரிக்கை, இதற்கு மேல் அதில் கொள்ளாது. (1957 ஜனவரியில் காஷ்மீர் பற்றி இந்தியப் பிரதிநிதி வி.கே. கிருஷ்ண மேனன் பாதுகாப்புச் சபையில் இரண்டு நாளில் ஏறக்குறைய எட்டு மணி நேரம் பேசினார். நம் பொதுப் பேச்சாளர் பட்டியலில் அவருக்கு முன்னூறு முறைக்கு மேல் பிளகார்டு தூக்க வேண்டியிருந்திருக்கும்.)

பேச்சு தொடர்பாக உங்களிடம் இரண்டு சின்ன வேண்டுகோள். முதலாவது, 'நான்' என்று சொன்னால் எழுப்பி நிறுத்தித் திருத்தும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். உண்மையான ஐ.நா.வில் தூதர்கள் 'நான்' என்றும் 'என் தூதுக்குழு' என்றும் தாராளமாகச் சொல்கிறார்கள். எந்தப் பதிவை எடுத்தாலும் பார்க்கலாம். இல்லாத விதியைக் காப்பாற்றுவதில் உங்கள் நேரமும் போகிறது, புதிதாக வந்த பிள்ளையின் தைரியமும் போகிறது. இரண்டாவது, வேகத்துக்கும் உச்சரிப்புக்கும் மதிப்பெண் வேண்டாம். ஐ.நா.வில் ஆறு அதிகாரபூர்வ மொழிகள். மொழிபெயர்ப்பாளர்கள் கூண்டுக்குள் உட்கார்ந்து உடனுக்குடன் பெயர்த்துச் சொல்கிறார்கள். அவர்களுக்காகவே நிதானமாகப் படிக்கும்படி பேச்சாளர்களைக் கேட்டுக்கொள்வது அங்கே வழக்கம். நம் கமிட்டிகளில் நிதானமாகப் பேசுகிறவர் தயாராகாதவர் என்று எழுதப்படுகிறார்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி எழுதாவிட்டால் நீங்களே கேட்பீர்கள். ஆம், எல்லாரும் பயன்படுத்துகிறார்கள். தடை போட்டும் பயனில்லை, கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்பியும் பயனில்லை. ஆனால் கவனித்திருப்பீர்கள், அது எழுதித் தரும் பேச்சு, அந்த மாணவியின் முதல் வரைவு மாதிரியேதான் இருக்கும்: எந்த நாட்டுக்கும் பொருந்தும், யாருக்கும் வலிக்காது. சில சமயம் இல்லாத தீர்மானத்துக்கு எண்ணும் தேதியும் கொடுத்துவிடும். ஆகவே தடையைவிடக் கேள்வி நல்ல வழி. பேச்சு முடிந்ததும் டயஸிலிருந்து ஒரே கேள்வி: "நீங்கள் குறிப்பிட்ட தீர்மானத்தில் உங்கள் நாடு எப்படி வாக்களித்தது?" படித்தவர் உடனே சொல்வார். படிக்காதவர் தண்ணீர் குடிப்பார்.

சின்ன நாடு கிடைத்துவிட்டது என்று முகம் தொங்கிப் போகும் பிள்ளைகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதிலும் உங்கள் பங்கு இருக்கிறது. வல்லரசு நாடுகளை ஏற்கெனவே பரிசு வாங்கியவர்களுக்குக் கொடுக்கிறீர்கள், பரிசு மறுபடி அந்த நாடுகளுக்கே போகிறது, அடுத்த ஆண்டும் அப்படியே. ஆனால் சின்ன நாடான மால்டாவைப் பாருங்கள், அது விடுதலை அடைந்தது 1964-இல். மூன்றே ஆண்டில், 1967 நவம்பர் 1 அன்று, அதன் தூதர் ஆர்விட் பார்டோ பொதுச் சபையின் முதல் குழுவில் எழுந்து, ஆழ்கடலின் தரை எந்த நாட்டுக்கும் சொந்தமாகக் கூடாது, அது மனித குலத்தின் பொதுச் சொத்து என்று வாதிட்டார். அங்கே தொடங்கிய பேச்சு 1982-இல் ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தத்தில் போய் முடிந்தது. நான் நெதர்லாந்தைப் புறாவாக்கிய அதே முதல் குழுதான். ஒரு குட்டித் தீவின் தூதர், ஒழுங்காகத் தயாரித்த ஒரு பேச்சு.

இன்னும் அண்மையில், 2019-இல், தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர்கள் 27 பேர் வனுவாட்டில் ஒரு யோசனையைக் கிளப்பினார்கள்: காலநிலை விஷயத்தில் நாடுகளின் கடமை என்ன என்று சர்வதேச நீதிமன்றத்திடமே கேட்டால் என்ன? வனுவாட்டு அரசு அதைக் கையில் எடுத்தது. 2023 மார்ச் 29-இல் பொதுச் சபை வாக்கெடுப்பே இல்லாமல் ஒருமித்து ஏற்றுக் கேள்வியை நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 2025 ஜூலை 23-இல் நீதிமன்றம் தன் கருத்தைச் சொன்னது. மாணவர்களிடம் தொடங்கிய கேள்வி அது. நம் கமிட்டியில் எழுந்திருந்தால் எத்தனை கோடு கிடைத்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறேன்? பெரிதாக ஒன்றுமில்லை. மாநாட்டுக்கு முந்தைய வாரத்தில் ஒரு மாலை, ஒவ்வொரு கமிட்டியின் டயஸும் சேர்ந்து உட்காருங்கள். தலைப்போடு தொடர்புள்ள மூன்று தீர்மானங்களை எடுத்து, அறையில் இருக்கப்போகும் ஒவ்வொரு நாடும் எப்படி வாக்களித்தது என்று ஒரு தாளில் நிரப்பிக்கொள்ளுங்கள். வாக்கெடுப்பு இல்லாமல் ஒருமித்து நிறைவேறியவற்றை எடுக்க வேண்டாம், அவற்றில் வித்தியாசம் தெரியாது. நாற்பது நாடு, மூன்று தீர்மானம், நூற்றிருபது கட்டம்; நாலு பேர் சேர்ந்தால் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. அந்தத் தாள் உங்கள் முன்னால் இருந்தால் நெதர்லாந்து முழங்கத் தொடங்கும்போதே உங்கள் புருவம் உயரும்.

கோடு போடும் கட்டத்தை எடுத்துவிட்டு, சான்றோடு பேசியவை எத்தனை, மற்றவர் வரைவில் இவர் மாற்றிய சொற்கள் எவை என்று எழுத இடம் விடுங்கள். பொசிஷன் பேப்பரைக் கேட்டு வாங்கினால் படியுங்கள். படித்து, ஓரத்தில் இரண்டு வரி எழுதித் திருப்பிக் கொடுங்கள். நான் அனுப்பிய பிள்ளைகளுக்கு இதுவரை ஒரு தாள்கூடத் திரும்பி வந்ததில்லை. எங்கே போகின்றன அவை? பரிசு கொடுக்கும்போது ஏன் கொடுக்கிறீர்கள் என்று ஒரு வரி சேர்த்துப் படியுங்கள். "இன்ன தீர்மானத்தில் இன்ன பத்தியை எழுதியதற்காக" என்று சொன்னால் போதும். சொல்ல வரி கிடைக்காவிட்டால் அந்தக் கேடயத்தைப் பெட்டியிலேயே வைத்துவிடலாம்.

இவற்றில் ஏதாவது ஒன்றைச் செய்து பார்க்க விரும்பும் மாநாட்டுக்கு அந்த நூற்றிருபது கட்டத்தை நிரப்ப நானும் வருகிறேன். பென்சில் நானே கொண்டுவருவேன்.

சிங்கப்பூரின் சீட்டுக்கு அன்று நான் பின்பக்கத்தில் எழுதி அனுப்பிய பதில் இன்னும் நினைவிருக்கிறது: "நல்ல கேள்வி. இடைவேளையில் பேசலாம்." இடைவேளையில் நான் வேறு வாசல் வழியாக வெளியே போனேன்.

இப்படிக்கு,
நெதர்லாந்தின் முன்னாள் பிரதிநிதி